உறுப்பினர் டாக்டர் செல்வநாதன்

டாக்டர் செல்வநாதனுக்கு நீந்தத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட ஓடாத ஊரில் வளர்ந்தவர் அவர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அப்படிப்பட்டவர் நாற்பத்தொன்பதாவது வயதில் புதுச்சேரியில் இருந்த ஒரு பாய்மரப் படகு கிளப்பில் உறுப்பினராக ஆசைப்பட்டார். ஆனார். அதற்காக அவர் செய்த ஒரு காரியமும், அதன் பிறகு நடந்ததும் ஊரில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும்.

அவருடைய அப்பா மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்கில் உபதேசியாராக இருந்தவர். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாமியார் வராத ஞாயிறுகளில் வாசகம் படிப்பதும் அவர் வேலை. மகன் சென்னைக்கு மருத்துவம் படிக்கப் போனான். மூன்றாம் வருடத்தில், வகுப்பில் கூடப் படித்த ஒரு நீதிபதியின் மகன் அவனைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த படகு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் நாற்பது நிமிடம் கடலில் இருந்தார்கள். எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. பாய் காற்றைப் பிடித்துக்கொண்டதும் படகு ஒருக்களித்துச் சாய்ந்து, தானாக ஓடியது. செல்வநாதன் தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தான். கரைக்கு வந்ததும் நண்பன் சாப்பிட உள்ளே போனான். பின்னாலேயே போன செல்வநாதனைச் சீருடை போட்ட ஆள் ஒருவர் கைநீட்டித் தடுத்து, விருந்தாளி நோட்டில் அவன் பெயர் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். நண்பன் திரும்பி வரும்வரை ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் வெயிலில் நின்றான். அந்த நாற்பது நிமிடத்தையும் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் பிற்காலத்தில் அவரால் தனித்தனியாக நினைக்க முடிந்ததில்லை. படகு ஞாபகம் வந்தால் கேட்டும் கூடவே வந்துவிடும்.

எண்பத்து நான்கில் ஜங்ஷன் ரோட்டில் கிளினிக் திறந்தார். பொது மருத்துவம். காலையில் எட்டிலிருந்து ஒன்று, மாலையில் ஐந்திலிருந்து ஒன்பது. மனைவி உபகாரமேரி கணக்கு டீச்சர். ஒரே மகள் ஆக்னஸ், இதெல்லாம் நடந்த சமயத்தில் திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார் என்று செல்வநாதனுக்கு நல்ல பெயர் இருந்தது. செராமிக் பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள் நகத்திலும் இமையிலும் வெள்ளை மாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போனதும் நர்ஸ் டெய்சி துணியால் பெஞ்சைத் துடைப்பாள்.

ஊரில் மணிமுத்தா கிளப் என்று ஒன்று இருந்தது. பட்டறை முதலாளிகள், அரிசி ஆலைக்காரர்கள், இரண்டு வக்கீல்கள், மூன்று டாக்டர்கள் என்று நாற்பது பேருக்கு மேல் போகாது. சிமெண்டு தளம் போட்ட ஷட்டில் கோர்ட்டு, பில்லியர்ட்ஸ் மேஜை, குளிர்பெட்டி வைத்த ஒரு அறை, இவ்வளவுதான். செல்வநாதன் தொண்ணூற்றாறில் சேர்ந்தார். காலை ஐந்தரைக்கு ஷட்டில் ஆடுவார். ஜோடி ராஜாங்கம்.

ராஜாங்கத்துக்கு பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் பட்டறை ஒன்றும், செராமிக் எஸ்டேட்டின் கடைசியில் பவுடர் மில் ஒன்றும் இருந்தன. வெள்ளைக் கல்லை உடைத்து, மாவைவிட நைசாக அரைத்துப் பட்டறைகளுக்குக் கொடுக்கிற மில் அது. ராஜாங்கத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செல்வநாதனின் அப்பா உபதேசியார் இறந்தபோது, கோயிலுக்குள் எப்போது உட்காருவது எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாமல், பூசை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தவர். கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். செல்வநாதன் அதை மறந்ததில்லை.

அந்த ராஜாங்கம்தான் இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று, “டாக்டர், பாண்டியில நான் ஒரு கிளப்புல மெம்பரா இருக்கேன். படகு விடுறாங்க. வர்றீங்களா, சும்மா பாத்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டார்.

புதுச்சேரிக்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருந்தது தென்கரை பாய்மரப் படகு கிளப். சுனாமியில் பழைய கொட்டகை போய்விட்டதால் புதிதாக ஓடு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். படகு அவருக்குப் பொருட்டே இல்லை. பட்டறைச் சரக்கு வாங்குகிற பெரிய மனிதர்கள் அங்கே வருவார்கள் என்பதற்காகச் சேர்ந்தவர். செல்வநாதனைப் படகில் ஏற்றியவர் பாவாடை. சுனாமியில் சொந்தக் கட்டுமரத்தை இழந்துவிட்டு கிளப்பில் சம்பளத்துக்கு இருந்த மீனவர்.

“நீச்சல் தெரியுமா சார்?”

“தெரியாதுங்க.”

பாவாடை உயிர்காப்புச் சட்டையின் வார்களை இழுத்து இறுக்கிக் கட்டினார். “சுக்கான நீங்க புடிங்க. நான் சொல்ற பக்கம் தள்ளுங்க. பயந்தாலும் கைய மட்டும் வுட்றாதீங்க.”

அன்று கச்சான் காற்று. கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பது. படகு கழிமுகத்தைத் தாண்டியதும் செல்வநாதனின் முகத்தைப் பார்த்து பாவாடை சிரித்துவிட்டார். “இன்னா சார், கொழந்த மாரி ஆயிட்டீங்க!”

உறுப்பினர் அல்லாதவர் வருடத்துக்கு ஆறு முறைதான் வரலாம் என்பது விதி. செப்டம்பருக்குள் ஆறும் தீர்ந்துபோயின. ஆறாவது முறை அவரே பாயை ஏற்றி, அவரே திருப்பி, அவரே கரையில் கொண்டுவந்து சேர்த்தார். இடையில் மற்ற நாட்களில் கிளினிக்கில் நோயாளி இல்லாத நேரத்தில், ஸ்டெதாஸ்கோப்புக் குழாயை விரலில் சுற்றிப் படகுக் கயிற்று முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். டெய்சி அதைப் பார்த்திருக்கிறாள்.

உறுப்பினராக வேண்டுமென்றால் இரண்டு பேர் முன்மொழிய வேண்டும். பிறகு ஜனவரிக் கூட்டத்தில் ஓட்டு. ஒரு மரப்பெட்டிக்குள் ஒவ்வொருவரும் கையை விட்டு, வெள்ளைக் கோலியோ கறுப்புக் கோலியோ போடுவார்கள். கறுப்பு இரண்டு விழுந்தால் போதும், ஆள் வெளியே. ராஜாங்கம் முன்மொழிந்தார். இன்னொருவரையும் அவரே பிடித்தார்.

“கவலையே படாதீங்க டாக்டர். எல்லாரும் நம்மாளுங்கதான்” என்றார்.

அந்த நவம்பரில், மழை பிடித்திருந்த ஒரு காலையில் விருத்தகிரி வந்தான். நல்லூர்ப் பக்கத்து ஊர்க்காரன். முப்பத்தாறு வயது. ஜங்ஷன் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி கிளினிக்குக்கு நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான். கூட அவன் மனைவி கொளஞ்சியம்மாள்.

“ரெண்டு வருசமா டிபி மாத்திர சாப்புடுறாருங்க. ரெண்டு வாட்டி கோர்சு முடிச்சாச்சு. சளி டெஸ்டுல ஒண்ணும் இல்லன்றாங்க. ஆனா மூச்சு மட்டும் வாங்குது” என்றாள்.

“எங்க வேல செய்றீங்க?”

விருத்தகிரி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னான். “பவுடர் மில்லுலங்க. ராஜாங்கம் மொதலாளி மில்லு. பதினோரு வருசம்.”

“மூக்குல ஏதாவது கட்டிக்கறது உண்டா?”

“துண்டக் கட்டிப்பேங்க. மூச்சு முட்டும். அவுத்துடுவேன்.”

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார் செல்வநாதன். இரண்டு நுரையீரலின் மேல்பாகத்திலும் அரிசியை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். நடுவில் இருந்த நிணநீர் முடிச்சுகளின் ஓரம் முட்டை ஓடுபோல வெளுத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல்தூள் நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிப்போகிற நோய். சிலிகோசிஸ். மருந்து கிடையாது. மில்லை விட்டு வந்த பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த மில்லிலிருந்து அப்படி வந்தவர்களில் அவன் நான்காவது. முதல் மூன்று பேரிடமும் வேலையை விட்டுவிடச் சொல்லி மாத்திரை எழுதி அனுப்பியிருந்தார். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

கொளஞ்சியம்மாள் கேட்டாள். “சங்கத்துல சொன்னாங்கய்யா. மில்லு தூசாலதான் இப்படி ஆச்சுன்னு டாக்டரு ஒரு லெட்டரு குடுத்தா, கடலூருல நஷ்டஈடு கேட்டு மனு போடலாமாம். எங்களுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இவுரால இனிமே வேலைக்குப் போவ முடியாது.”

“திங்கக்கிழம வாங்க. எழுதி வைக்கறேன்” என்றார்.

உடனே ஏன் எழுதித் தரவில்லை? பேனா கையில்தான் இருந்தது. பிற்பாடு அவர் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விகளில் இதுதான் முதலாவது.

சனிக்கிழமை காலை ஆட்டம் முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் பேச்சை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

“விருத்தகிரி உங்ககிட்ட வந்தானாமே.”

“வந்தாங்க.”

“பாவம், நல்ல வேலக்காரன். அவனுக்கு டிபிதான டாக்டர்? ரெண்டு வருசமா டிபிக்குத்தான மாத்திர சாப்புடுறான்?”

செல்வநாதன் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தார்.

“நீங்க என்ன எழுதினாலும் நான் கேக்க மாட்டேன். அது உங்க தொழிலு. ஆனா ஒண்ணு மட்டும் யோசிங்க. வேற ஏதாச்சும்னு எழுதினா அடுத்த வாரமே மில்ல மூடச் சொல்வாங்க. அங்க அம்பத்திரண்டு பேரு வேல செய்றாங்க. அவனுக்கு ஏதாச்சும் செய்யணும்னா நானே தனியா செஞ்சுக்கறேன்.” பிறகு ஷட்டில் பேட்டை உறையில் போட்டுக்கொண்டே, “ஜனவரி எட்டாந்தேதி பாண்டில மீட்டிங். சொல்லிட்டாங்க. ஞாபகம் வச்சுக்குங்க” என்றார்.

மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை காலை செல்வநாதன் கிளினிக்குக்கு அரைமணி முன்னதாகவே வந்தார். தம்முடைய பெயர் அச்சிட்ட தாளில், விருத்தகிரிக்கு நுரையீரலில் பழைய காசநோயின் தழும்புகள் இருக்கின்றன, அதனால் மூச்சு வாங்குகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினார். மில் என்ற வார்த்தை அதில் இல்லை. தூசு என்ற வார்த்தையும் இல்லை.

கொளஞ்சியம்மாள் மட்டும் வந்திருந்தாள். தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். படிக்கத் தெரியாததால் எழுத்தின் மேல் பார்வையை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“மில்லு தூசுன்னு எழுதியிருக்குதுங்களாய்யா?”

“எல்லாம் எழுதியிருக்கேன்மா. போயிட்டு வாங்க.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். டெய்சி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். அன்று முழுக்க நாற்பத்து மூன்று பேரைப் பார்த்தார். எல்லோரையும் வழக்கம்போலப் பொறுமையாகத்தான் பார்த்தார்.

ஜனவரி எட்டாம் தேதி பெட்டியில் ஒரு கறுப்புக் கோலிகூட விழவில்லை. நீலத்தில் நங்கூரம் பொறித்த உறுப்பினர் அட்டை ஒன்றும், காலரில் அதே நங்கூரம் தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தபோது உபகாரமேரி, “நல்லாத்தான் இருக்குது” என்றாள். மகள் போனில் சிரித்தாள்.

அந்த வருடம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிறு பூசையை விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயந்திரப் பூசைக்குப் போய்வந்தார். ஞாயிறு விடியுமுன் காரை எடுத்தால் ஏழரைக்குப் படகில் இருப்பார். ஏப்ரலில் ஒரு நாள் கரை கண்ணுக்கு மெல்லிய கோடாகத் தெரிகிற தூரம்வரை தனியாகப் போனார். காற்று சீராக இருந்தது. பாய் ஒரு சுருக்கமில்லாமல் நிறைந்திருந்தது. கிளினிக், ஊர், வயது எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. விருத்தகிரியும் நினைவில்லை. திரும்பி வந்து வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள். பாவாடை வெயிலில் முட்டிபோட்டுப் படகின் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரை வராந்தாவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. செல்வநாதனும் கூப்பிடவில்லை.

அந்த வருடப் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன்னால் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில், “ஒரு பொய் சொன்னேன் சாமி” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். சாமியாரும் என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அங்கேயே முட்டிபோட்டு மூன்றையும் சொல்லி முடித்தார். நிம்மதி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

விருத்தகிரி இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் இறந்தான். கடைசி இரண்டு மாதம் அவனால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினானாம். காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, கிளினிக் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது கொளஞ்சியம்மாள் வந்தாள். வரிசையில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்து மேஜைமேல் அந்தத் தாளை விரித்து வைத்தாள். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

“இதுல மில்லு தூசுன்னு எங்க இருக்குது, காட்டுங்க.”

செல்வநாதன் தாளின் கீழே இருந்த தம் கையெழுத்தைப் பார்த்தார்.

“எல்லாம் எழுதியிருக்கேன்னு சொன்னீங்களே. ஒன்றர வருசமா மனுவத் தூக்கிக்கினு கடலூருக்கு நடந்தோம். டாக்டரே டிபின்னுதானம்மா எழுதியிருக்காருன்னு மில்லு வக்கீலு சொல்லிட்டாரு. படிச்சவங்க ஒருத்தர வுட்டுப் படிக்கச் சொன்னேன். அப்பதான் தெரியுது.” அவள் குரல் உயரவே இல்லை. “ஏங்கய்யா அப்படி செஞ்சீங்க? எங்கள ஒங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாதே. நாங்க ஒங்களுக்கு என்ன கெட்டது செஞ்சோம்?”

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெய்சி கதவைச் சாத்தப் போனாள். “சாத்தாத, இருக்கட்டும்” என்றார் செல்வநாதன். பிறகு கொளஞ்சியம்மாளைப் பார்த்து, “தப்பு பண்ணிட்டேன்மா” என்றார். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மதியம் வீட்டில் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் உபகாரமேரியிடம் சொன்னார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள்.

“அந்தப் படகுக்காகவா?”

“ஆமா.”

“ஏங்க, உங்ககிட்டதான நான் ஆக்னஸப் பெத்த அன்னிக்கு உசுர ஒப்படச்சுட்டுக் கெடந்தேன்? அதுமாதிரிதான அந்தப் பொம்பளையும் நம்பி வந்திருப்பா” என்றாள். எழுந்து கை கழுவப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்ததுண்டு.

மறுவாரம் இரண்டாவது கடிதத்தை எழுதினார். நோயின் பெயர், பதினோரு வருடம் கல்தூளில் வேலை செய்தது, தாம் அதை அப்போதே கண்டுபிடித்தது, கண்டுபிடித்தும் மறைத்தது, எல்லாவற்றையும் எழுதினார். தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தனியாக ஒன்று அனுப்பினார். மனு திரும்பவும் விசாரணைக்கு வந்தது. ஆகஸ்டில் கடலூரில் அவர் சாட்சி சொல்ல எழுந்து நின்றார். கொளஞ்சியம்மாள் பின் பெஞ்சில் பெரிய மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

மில்லின் வக்கீல் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தார்.

“இந்த ரெண்டும் உங்க கையெழுத்துதானே டாக்டர்?”

“ஆமாங்க.”

“ரெண்டுக்கும் ஒரே எக்ஸ்ரேதானே?”

“ஆமாங்க.”

“அப்ப எது பொய்?”

“முதல்ல எழுதினது பொய். ராஜாங்கம் சார்தான் என்னைப் படகு கிளப்புக்கு முன்மொழிஞ்சிருந்தாரு. அது கெட்டுடும்னு நெனச்சு மாத்தி எழுதினேன்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

“எங்க கட்சிக்காரர் அப்படி எழுதச் சொன்னாரா?”

செல்வநாதன் யோசித்தார். “சொல்லல.”

“உங்களுக்கு ஒரு ஆதாயம் இருந்தா பொய்யா சர்டிபிகேட் குடுப்பீங்க. அதானே சொல்ல வர்றீங்க?”

“ஒரு தடவ குடுத்தேன்.”

“இப்ப மனசு உறுத்துது, பேரு கெட்டுப்போச்சு. அதுலேருந்து தப்பிக்க இன்னொண்ணு குடுக்கறீங்க. இது மட்டும் உண்மைன்னு எப்படி நம்பறது?”

எக்ஸ்ரேயைப் பார்த்தால் தெரியும் என்றார் செல்வநாதன். விசாரணை நடத்திய அதிகாரியும் எக்ஸ்ரேயைக் கேட்டார். கொளஞ்சியம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முந்தின கார்த்திகை மழையில் கூரை ஒழுகி நனைந்திருந்தது. படலம் உரிந்து, விலா எலும்புகூட அடையாளம் தெரியாமல் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் பிரதி வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. விருத்தகிரியை எரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் இரண்டு முறை டிபி மாத்திரை வாங்கிய சீட்டுகள் மட்டும் கெடாமல் இருந்தன. அதிகாரி நிதானமாகக் கேட்டார், நிறையக் குறித்துக்கொண்டார். கையில் இருக்கிற ஆவணங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும் என்றார். மனு தள்ளுபடியானது.

வெளியே வேப்பமரத்தடியில் செல்வநாதன் கொளஞ்சியம்மாளிடம் போய் நின்றார். பெரிய பெண்ணின் படிப்புக்குத் தாம் உதவுவதாகச் சொல்ல வாயெடுத்தார்.

“வேணாங்கய்யா. நீங்க போங்க” என்றாள் அவள். கோபம்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதுபோலச் சொன்னாள்.

மணிமுத்தா கிளப்பில் அவரை யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. காலையில் அவர் கோர்ட்டுக்குப் போனால் நான்கு பேர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வேறு நான்கு பேர் இறங்குவார்கள். பதினைந்து நாள் பேட்டோடு சுவர் ஓரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ராஜாங்கத்தை ஒருமுறை ஜங்ஷனில் பார்த்தார். ராஜாங்கமே நின்று பேசினார்.

“உங்கமேல எனக்கு வருத்தமெல்லாம் இல்ல டாக்டர். ஆனா இத்தன பேருக்கு முன்னால கிளப்பு பேர இழுத்திருக்க வேணாம்” என்றார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. ஆய்வாளர் வந்துபோனதில் பவுடர் மில்லை அந்தத் தீபாவளியோடு மூடினார்கள். பொங்கலுக்குள் நான்கு கிலோமீட்டர் தள்ளி, மைத்துனர் பெயரில், வேறு பெயர்ப் பலகையோடு திறந்தார்கள். அதே கல், அதே ஆட்கள்.

தென்கரை கிளப்பிலிருந்து கடிதம் தபாலில் வந்தது. கிளப்பின் கண்ணியத்துக்குப் பொருந்தாத விதத்தில் நடந்துகொண்டதால் உறுப்பினர் நீக்கம் பற்றி ஜனவரிக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும் என்றிருந்தது. அவர் காத்திருக்கவில்லை. ஞாயிறன்று நேரில் போய் ராஜினாமாவையும் அட்டையையும் கொடுத்தார். செயலாளர் ரசீதுபோல ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படகுத்துறையில் பாவாடை ஒரு புது உறுப்பினருக்கு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் தலையசைத்தார். இவரும் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். அதன் பிறகு படகில் ஏறவில்லை.

செராமிக் எஸ்டேட்டிலிருந்து கிளினிக்குக்கு ஆட்கள் வருவது குறைந்துபோனது. முதலாளிகள் வரவில்லை, அவர்கள் அனுப்பி வைக்கிறவர்களும் வரவில்லை. தொழிலாளிகளில் பாதிப் பேர் கொளஞ்சியம்மாளைத் தெரிந்தவர்கள். அவர்களும் வரவில்லை. டெய்சி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். போகும்போது அழுதாள். ஆனால் போய்விட்டாள்.

அப்படியும் சிலர் வந்தார்கள். வேறு டாக்டரிடம் போய்வந்து அலுத்தவர்கள். மில்லில் வேலை செய்து மூச்சு வாங்குகிற ஆறு பேருக்கு அடுத்த இரண்டு வருடத்தில் செல்வநாதன் கடிதம் எழுதினார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துத் திருத்தி, எக்ஸ்ரேக்குத் தாமே பிரதி எடுத்து பீரோவில் வைத்து எழுதினார். ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு விசாரணையிலும் எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பழைய சாட்சியத்தின் நகலை எடுத்து நீட்டினார். இவர் கொடுத்த சர்டிபிகேட்டா என்று கேட்டாலே போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூலையில் சொர்ணாம்பாள் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தொன்பது வயது. புதுப் பலகை போட்ட மில்லில் ஏழு வருடமாக மூட்டை பிடிக்கிறவள், பழைய மில்லிலும் சேர்த்து. எக்ஸ்ரேயை மாட்டினார். புள்ளிகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

“இந்த வேலைய விட்டுடுங்கம்மா” என்றார்.

“விட்டுட்டு?”

அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியிலிருந்து கழற்றினார். “நான் எழுதற லெட்டரு உங்களுக்கு உதவாது. பாண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க வேற டாக்டர் பாத்து எழுதினா செல்லும். விலாசம் தரேன்.”

“அவ்ளோ தூரம் எங்க போறது சார்? நாலு நாளு லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க.” அவள் இருமினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “நீங்களே எழுதிக் குடுங்க. கைல ஒண்ணு இருந்தா பரவால்ல.”

அது செல்லாது என்பதை இன்னொரு முறை விளக்கமாகச் சொன்னார். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.